உச்சிக்கு ஒரு வளைவு முன்னால்

"டேய் சித்தப்பா, கூடாரத்த இப்படிக் குடு. நான் தூக்கிக்கறேன்."

"ஏன், எனக்கு முதுகு இல்லையா? நீ சும்மா வாடா."

"குடுன்னா குடுடா!"

ஒட்டகம் ஒரு பக்கம் இழுக்க, சித்தப்பா மறுபக்கம் இழுக்க, நடுவில் புகுந்த கொசு அதைப் பிடுங்கித் தன் முதுகில் மாட்டிக்கொண்டான். சொந்தத் துண்டைக்கூட அடுத்தவன் பையில் திணிக்கிற கொசு! ஒட்டகத்துக்கு ஆச்சரியம்தான். ஆனாலும் சித்தப்பா முதுகில் ஏறாதவரை சரி என்று விட்டுவிட்டான்.

கல்லூரி விடுதியில் யார் பெட்டியானாலும் மாடிக்குத் தூக்கிப் போனதால் அவனுக்கு ஒட்டகம் என்று பெயர். இப்போது வொர்க்ஷாப் முதலாளி, பெண்ணுக்குக் கல்யாணம்கூட ஆகிவிட்டது. இந்த இரண்டு பேருக்கு மட்டும் இன்னும் ஒட்டகம்தான். இருபது வயதிலேயே ஊருக்கெல்லாம் புத்தி சொன்னவன் சித்தப்பா. காதோரம் ஓயாமல் பேசியவன் கொசு. பள்ளி ஆசிரியராகி, இப்போது அதற்கே சம்பளம் வாங்குகிறான்.

காட்டுப் பாதை மெல்ல ஏறியது. படிப்பு முடித்த வருஷம் இதே பாதையில்தான் மூவரும் வந்தார்கள். கூடாரம் என்று பேர்தான், இரண்டு போர்வையைச் சேர்த்துத் தைத்தது. அட்டைக்கடிக்கு உப்பு கொண்டு வரச் சொன்னால், கொசு சர்க்கரையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தான்.

"அட்டைங்களுக்கு அன்னிக்கு விருந்துடா. குடும்பத்தோட வந்துச்சுங்க" என்று சிரித்தான் சித்தப்பா.

"உப்பும் வெள்ளை, சர்க்கரையும் வெள்ளை. அவசரத்துல நக்கிப் பாத்துக்கிட்டா இருப்பாங்க?" என்றான் கொசு.

மூவரும் நின்று சிரித்துவிட்டுத்தான் மேலே நடந்தார்கள். வீட்டில் இப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று ஒட்டகத்துக்குத் தோன்றியது.

அந்த முறை உச்சிக்கு ஒரே ஒரு வளைவு பாக்கி இருந்தபோது கொசுவுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. ஒருத்தன் திரும்பினால் எல்லாரும் திரும்ப வேண்டும் என்பது அவர்களுக்குள் பேச்சு. திரும்பிவிட்டார்கள். மேலே நின்றால் மறுபக்கத்து ஏரி முழுசாகத் தெரியுமாம். அதைப் பார்க்காத குறை ஒட்டகத்துக்கு மட்டும் ஆறவே இல்லை. அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தலை நரைத்துவிட்டது. இந்த முறை ஒற்றைக்காலில் நின்று நாள் குறித்தவன் அவன்தான்.

கிளம்புவதற்கு முந்தின நாள், சித்தப்பாவின் மனைவி போன் செய்தாள்.

"அண்ணா, அவருக்கு இதயத்துல அடைப்பாம். டாக்டர் என்கிட்டதான் சொன்னார். திங்கக்கிழமை ஆஸ்பத்திரில சேக்கணும். இப்பவே சொன்னா, அதுக்கு முன்னாடி மலையப் பாத்துடறேன்னு தனியாவே ஓடிடுவார். உங்ககூடன்னா எனக்குப் பயமில்ல. மூச்சு விடாதீங்க. உச்சிக்கு மட்டும் விட்டுடாதீங்கண்ணா."

அன்று ஒட்டகத்துக்குச் சோறு இறங்கவில்லை. ஏரி எங்கே ஓடிவிடப் போகிறது? சித்தப்பா போனால் வருவானா?

அதனால்தான் இந்த நடிப்பு. மேடு வந்தாலே, "மூச்சு வாங்குதுடா, கொஞ்சம் உக்காருங்க" என்று பாறையில் சாய்ந்துவிடுவான். மறுபேச்சில்லாமல் மற்ற இருவரும் உட்கார்ந்துவிடுவார்கள். நடிப்பு என்று ஆரம்பித்ததுதான், போகப் போக மூச்சு நிஜமாகவே வாங்கியது, சட்டை தொப்பலாக நனைந்தது. நாடகத்தில் சேர்ந்திருந்தால் பெரிய ஆளாகியிருக்கலாம் என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டான்.

சாயங்காலம் ஓடையோரம் கூடாரம் அடித்து, ரொட்டியும் ஜாமும் தின்று, பழைய வாத்தியார்களை எல்லாம் ஒரு சுற்று திட்டித் தீர்த்தார்கள். மறுநாள் காலையில் மூட்டையைக் கட்டிவிட்டு மேலே ஏறினால், அதே வளைவு.

சித்தப்பா அண்ணாந்து பார்த்தான். ஒட்டகம் அவசரமாக முழங்காலைப் பிடித்துக்கொண்டான்.

"அவ்வளவுதான்டா. முட்டி போச்சு. திரும்பிடலாம்" என்றான்.

"என்னடா சொல்ற? இன்னும் ஒரு வளைவுதான்டா" என்றான் கொசு.

"முடியலன்னா விடுங்கடா. நீங்க மட்டும் போகணும்னு நினைச்சீங்க, அப்புறம் நான் பேசவே மாட்டேன்."

"நெஜமாவா? நீயா சொல்ற?" சித்தப்பா அவன் முகத்தையே பார்த்தான்.

"நானேதான்."

சித்தப்பா சட்டென்று திரும்பி, முதல் ஆளாக இறங்க ஆரம்பித்தான். ஒட்டகம் மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். ஏரி தெரியவில்லை, வளைவுக்கு மேலே வெறும் வானம்தான். இனி வாய்க்கப் போவதில்லை என்று நினைத்ததும் கண்ணில் தண்ணீர் முட்டியது. துடைத்துக்கொண்டு, நண்பனின் முதுகைப் பார்த்தபடி இறங்கினான். வருத்தம் இருந்தது. ஆனால் ஆள் கண்ணெதிரே நல்லபடியாக நடந்து போகிறானே, அது போதாதா?

அடிவாரத்தில் கார் பக்கத்தில் மூட்டைகளை இறக்கினார்கள். கொசு டீ வாங்கப் போனான். ஒட்டகம் முகம் கழுவக் குழாயைத் தேடி ஓய்வுக் கொட்டகையின் பின்பக்கம் போனான். சுவருக்கு அந்தப் பக்கம் சித்தப்பா போனில் பேசிக்கொண்டிருந்தான்.

பாவம், வீட்டுக்காரி பதறிக்கொண்டிருப்பாள். பேசட்டும் என்று ஒட்டகம் குழாயைத் திருகப் போனான்.

"அழாத தங்கச்சி, உன் புருஷனப் பத்திரமா இறக்கிட்டோம். நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிட்டு வரேன்" என்றது சித்தப்பாவின் குரல். "அடைப்பு தனக்குத்தான்னு தெரிஞ்சிருந்தா ஒட்டகம் உச்சியத் தொடாம திரும்பியிருப்பானா? அதான் எனக்குன்னு என் வீட்டுக்காரிய விட்டுப் பொய் சொல்ல வெச்சேன்."