முப்பது இலக்க எண்

பரிதிவாணனின் ஆறு வருட ஆராய்ச்சி ஒரே ஓர் எண்ணைப் பற்றியது. முப்பது இலக்கம் நீளும் அது, ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதனாலும் வகுபடாது என்று முந்நூறு பக்கத்தில் நிரூபித்திருந்தான். வாய்மொழித் தேர்வன்று அதைக் கரும்பலகையில் எழுதி முடித்தபோது, டீ வைக்க வந்த சகாயமேரியக்கா நின்று பார்த்தாள்.

“சும்மா ஒவ்வொண்ணா கூட்டினேன் தம்பி, நூத்தி நாப்பத்தொண்ணு வருது. அது மூணால வகுபட்டா மொத்த எண்ணும் வகுபடும்னு எம் பொண்ணு பாடத்துல இருக்கே?”

“இதையெல்லாம் பார்க்காமலா இருப்போம், அக்கா?” என்று சிரித்தான்.

யாரும் பார்த்திருக்கவில்லை. நாலு தடவை கூட்டினான். அதே நூற்று நாற்பத்தொன்று. செருப்புச் சத்தம் கேட்டதும் பலகையில் முதுகைச் சாய்த்துக்கொண்டான்.

“தள்ளி நில்லுங்க தம்பி, எண்ணே தெரியல,” என்றார் தேர்வாளர்.

அரையடி நகர்ந்தான். இரண்டு இலக்கங்கள் வெளியே வந்தன.