நல்ல பேர்

“என் பொண்ணோட கிரெடிட் ரிப்போர்ட்லேர்ந்து அந்தப் படிப்புக் கடனை எடுங்கன்னு எத்தனை தடவை சொல்றது!” வங்கியில் என் மேசையை ஓங்கி அடித்தார் அவர். என் பேனா உருண்டு கீழே விழுந்தது.

எனக்கும் சுர்ரென்று ஏறியது.

“சார், ஒரு தவணைகூடத் தவறாம நாலு வருஷம் முன்னாடியே கட்டி முடிச்ச கடன். அது இருந்தாதான் உங்க பொண்ணுக்கு வீட்டுக் கடன் சுலபமா கிடைக்கும். நல்ல பேரை யாராவது அழிக்கச் சொல்வாங்களா?”

“எனக்குப் பாடம் நடத்தாதீங்க! நாளைக்கு அவ வந்து ரிப்போர்ட்டைப் பார்ப்பா. அது அதுல இருக்கவே கூடாது!”

மேசைமேல் கிடந்த அவருடைய செல்போன் ஒளிர்ந்தது. ‘செல்ல மகள்’ அனுப்பிய செய்தி.

“அப்பா, படிப்புக் கடனுக்கு இந்த மாசத் தவணையை உங்களுக்கு அனுப்பிட்டேன். மறக்காம பேங்க்ல கட்டிடுங்க.”