மூன்றாவது ஆணி

ஆணி சதையில் ஏறிவிட்டது என்பதில் குதிரைச் சவாரி கிளப்பின் செயலாளருக்குச் சந்தேகமே இல்லை.

"எட்டு நாளா நொண்டுது. ஆணி உள்ள இறங்காம குதிரை எதுக்குய்யா நொண்டும்?" என்று லாயத்து முற்றத்தில், பெஞ்சில் உட்கார்ந்தபடியே கேட்டார்.

லாடக்காரர் செவலைக் குதிரையின் இடது முன்னங்காலைத் தூக்கி, தன் இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, லாடத்தின் ஆணிகளை ஒவ்வொன்றாகச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். குளம்பின் ஓரத்தில், உணர்ச்சியில்லாத இடத்தில்தான் ஆணி போக வேண்டும். ஒரு நூல் உள்ளே தள்ளிப் போயிருந்தாலும், தட்டியவுடன் குதிரை காலை உதறிவிடும்.

ஆறு ஆணியையும் தட்டி முடித்தார். செவலை கொட்டாவி விட்டது.

"ஆணியில ஒரு குத்தமும் இல்லைங்க."

"நீயே அடிப்ப, நீயே தட்டிப் பார்ப்ப, நீயே சர்டிபிகேட்டும் குடுத்துக்குவியா?"

பக்கத்திலிருந்த பொருளாளர் சிரித்தார். குதிரையைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. செயலாளர் பேசி முடித்ததும் சிரிக்கத் தெரியும், அதை வைத்தே மூன்று தேர்தலில் ஜெயித்திருந்தார்.

உத்தரவு ஏற்கெனவே டைப் செய்யப்பட்டு, கையெழுத்தும் ஆகி, கிளார்க்கின் அட்டையில் செருகியிருந்தது. 'செவலை நொண்டக் காரணமான ஆணியை அடித்தவர் இனி இந்த லாயத்தின் வாசலை மிதிக்கக் கூடாது' என்று எழுதி, பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். விசாரணை முடிவதற்கு முன்பே பெயரை எழுதுவது நியாயமில்லை என்பது செயலாளரின் கொள்கை.

அந்தக் கோடிட்ட இடத்தை லாடக்காரர் பார்த்தார். பதினெட்டு வருஷமாக இங்கே லாடம் கட்டுகிறவர். குதிரையை நொண்டியாக்கினவன் என்று பெயர் வந்துவிட்டால், அப்புறம் எந்த லாயத்திலும் அவர் கையில் ஒரு குளம்பைக்கூடக் கொடுக்க மாட்டார்கள்.

"இனிமே இந்த ஆணி வேலையே வேண்டாம்" என்றார் செயலாளர். "என் மச்சான் ரப்பர் லாடம் பண்றான். பசை தடவி ஒட்டினா முடிஞ்சுது. சாதாரணக் கைன்னு நெனைக்காதீங்க. இந்த பூட்ஸ்கூடப் போன வாரம் அவனே உக்காந்து பண்ணிக் குடுத்ததுதான்."

பொருளாளர் குனிந்து பூட்ஸைப் பார்த்தார். "முகம் தெரியுது சார்."

லாடக்காரர் செவலையைப் பிடித்து முற்றத்தைச் சுற்றி நடத்திக் காட்டினார். அது நூல் பிடித்தாற்போல் நடந்தது.

"ஆள் ஏறினாத்தான்யா ஆணி அழுத்தும். வெறுங்குதிரை எதுக்கு நொண்டப் போகுது?" என்றார் செயலாளர்.

"பாரந்தான் காரணம்னா, பொருளாளர் ஐயா ஏறட்டுங்க."

பொருளாளர் செயலாளரைப்போல் இரண்டு மடங்கு. முக்காலி போட்டு, மூன்றாவது முயற்சியில் ஏறினார். செவலை ஒரு பெருமூச்சு விட்டது. பிறகு அவரையும் சுமந்துகொண்டு ஒரு பிசகில்லாமல் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

"உங்களுக்கு உக்காரத் தெரியலை. இறங்குங்க, நான் காட்றேன்" என்று செயலாளர் தாவி ஏறினார். நாலே எட்டுதான். செவலையின் தலை ஆட ஆரம்பித்தது, இடது முன்னங்கால் தரையில் பட்டும் படாமல் நொண்டியது.

செயலாளர் இறங்கி வந்து மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தார். சொந்தக் குதிரை நொண்டியதில் இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை அந்த முற்றம் பார்த்ததில்லை.

"பார்த்தாச்சு இல்ல? எழுதுய்யா பேரை."

கிளார்க் பேனா மூடியைத் திறந்தார்.

"ஒரு நிமிஷம்ங்க" என்றார் லாடக்காரர். "வலது காலையும் ஒரு தடவை பார்த்துடறேன்."

"நொண்டுறது இடது காலுய்யா."

"தெரியும்ங்க."

செவலையைத் தாண்டி நேரே பெஞ்சுக்கு வந்தார். செயலாளருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, அவருடைய வலது காலைத் தூக்கித் தன் முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டார். என்ன ஏது என்று கேட்பதற்குள் பூட்ஸின் குதிகாலில் சுத்தியல் விழ ஆரம்பித்துவிட்டது. முதல் ஆணி, சத்தமில்லை. இரண்டாவது ஆணி, அதுவும் இல்லை. மூன்றாவதில் செயலாளர் "அம்மா" என்று அலறிக் காலை உதறிய வேகத்தில் பெஞ்சு சாய்ந்துவிட்டது.

"புது பூட்ஸ் கடிக்குதுன்னு நெனைச்சு, எட்டு நாளா வலது காலை ஊனாம இடது பக்கமே சாஞ்சு உக்கார்றீங்க. அது பாவம், மொத்தப் பாரமும் விழற காலைப் பார்த்துப் பார்த்து வைக்குது."

லாடக்காரர் பூட்ஸைக் கழற்றிச் சாய்த்துக் காட்டினார். உள்ளே, குதிகால் பதிகிற இடத்தில் அரை நெல் நீளத்துக்கு ஆணி முனை எட்டிப் பார்த்தது. சாக்ஸில் ஒரு சிவப்புப் புள்ளி.

பொருளாளர் சிரிக்கலாமா கூடாதா என்று செயலாளரின் முகத்தைப் பார்த்தார். அங்கே ஒரு தகவலும் இல்லை.

கிளார்க் உத்தரவை இன்னொரு முறை நிதானமாகப் படித்தார். அட்டையை மடியில் நேராக வைத்துக்கொண்டு, கோடிட்ட இடத்தில் பேனாவை ஊன்றினார்.

"சார், உங்க மச்சானுக்கு இனிஷியல் என்ன?"