நடுவில் ஒரு வயல்

"மிக்ஸியைப் போட்டியா தேவிகா? பேட்டரி பாதிக்குக் கீழ போயிடுச்சே!"

"மிக்ஸியைத் தொட்டே எத்தனையோ நாளாச்சுங்க. அம்மியிலதான் அரைக்கறேன்."

கோபப்படக்கூட தேவிகாவுக்குத் தெம்பில்லை. நவநீதன் வானத்தைப் பார்த்தான். ஐப்பசி மூட்டம். வெயிலே இல்லாமல் கூரை மேல் சோலார் தகடு இருந்து என்ன பயன்? ஃபேன், டி.வி., ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் நிறுத்தியாயிற்று. மிச்சம் பிடிக்கும் கரண்ட் முழுக்க அம்மாவின் ஆக்சிஜன் மெஷினுக்குத்தான். அதுவும் விடியும்வரை தாங்குமா என்று தினமும் ராத்திரி எழுந்து எழுந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

நெடுங்காட்டைத் தாண்டி, வயல்களுக்கு நடுவே தனி வீடு. லைன் இழுத்துத் தர மின்துறை தயார். ஆனால் குறுக்கே கிடப்பது தியாகராசனின் வயல். அதில் கம்பம் நட அவர் சம்மதிக்க வேண்டும்.

"இன்னொரு தடவை கேட்டுத்தான் பாருங்களேன்," என்றாள் தேவிகா.

எத்தனையாவது தடவையோ, நவநீதன் வரப்பில் இறங்கி நடந்தான். தியாகராசன் வாய்க்காலில் மண்வெட்டி கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒரே ஒரு கம்பம். ஓரமா நட்டுக்கறோம்."

"ஓரத்துல நட்டா ட்ராக்டர் எப்படித் திரும்பும்? அறுப்பு மெஷின் எப்படி இறங்கும்?"

"மூட்டமா இருந்தா பேட்டரி ஏறவே மாட்டேங்குதுண்ணே. ராத்திரியில ஆக்சிஜன் நின்னுட்டா அவ்வளவுதான்."

"இன்னொரு பேட்டரி வாங்கி வை. இல்லாட்டி காரைக்கால் ஆஸ்பத்திரியில சேத்துடு. அதுக்கு என் வயல்தான் கெடச்சுதா?"

அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார். நவநீதனுக்கு ஆத்திரம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் கட்டிலிலிருந்து அம்மா திரும்பிப் பார்த்தாள். மூக்கில் குழாய். உதடு உலர்ந்திருந்தது.

"சம்மதம் கெடச்சுதாடா?"

"இல்லம்மா. ட்ராக்டர் திரும்பாதாம்."

அம்மா கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டாள். பிறகு அவன் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"விடு, அவனைப் போய்த் தொந்தரவு பண்ணாத. பாகம் பிரிச்சப்பவே வயலு பெரியவனுக்கு, நான் உனக்குன்னு பேசித்தானடா முடிச்சோம்!"