வாசலில் விட்டது

கதவைத் திறந்தாள். ஷூ இல்லை.

இரவு இங்கேதான் விட்டாள். கதவுக்கு வலப்பக்கம், சுவரை ஒட்டி, ஜோடியாக. இப்போது அங்கே தரை மட்டும்தான் இருந்தது.

இந்த ஜெர்மன் மாநகரத்துக்குப் படிக்க வந்து எண்பத்தெட்டு நாளாகிறது. நேற்று வரை ஊர்க்காரர் ஒருவர் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டு வாசலில் எப்போதும் எட்டு ஜோடி செருப்பு கிடக்கும். அவளுடையது ஒன்பதாவது.

நேற்று மாலைதான் மாணவர் விடுதியில் அறை கிடைத்தது. பூட்டைத் திறந்தாள். ஷூவைக் கழற்றி வெளியே விட்டாள். வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனாள். எல்லாம் முறையாகத்தான் செய்தாள்.

எதிர் அறைப் பெண் வாயில் பிரஷ்ஷோடு வந்து, சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினாள். ஜெர்மன் மொழியில் நான்கு பத்தி. அரைகுறை ஆங்கிலத்தில் அவளே சுருக்கியும் சொன்னாள். தீப்பிடித்தால் ஓடுகிற வழி இது. எது கிடந்தாலும் விடியற்காலையில் எடுத்துப் போய்விடுவார்கள். கீழே அலுவலகத்தில் கேட்டால் கொடுப்பார்கள். பத்து மணிக்குத் திறப்பார்கள்.

பத்து மணி.

எட்டே முக்காலுக்கு அவள் விசா அலுவலகத்தில் இருக்க வேண்டும்.

விசா வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. நீட்டிப்பதற்கு இந்த ஒரு தேதியைப் பிடிக்க இரண்டு மாதம் தவம் கிடந்திருக்கிறாள். இதைத் தவறவிட்டால் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று ஊர்க்காரர் சொல்லியிருந்தார். அவர் எதையும் பூசி மெழுகிச் சொல்கிறவர் அல்ல.

எதிர் அறைப் பெண்ணிடம் ஒரு ஜோடி கேட்கலாமா என்று பார்த்தாள். அந்தப் பெண்ணின் பாதம் குழந்தையுடையதுபோல் இருந்தது.

அம்மாவுக்கு போன் போட்டாள். திருச்செங்கோட்டில் அம்மா கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டுவிட்டு நிம்மதியாகச் சிரித்தாள்.

“செருப்பு தொலஞ்சா பீடை போச்சுன்னு அர்த்தம் கண்ணு. வேற ஒண்ணப் போட்டுக்கிட்டுக் கெளம்பு.”

வேறு ஒன்று என்றால் குளியலறைக்கென்று கொண்டு வந்த நீல ரப்பர் செருப்பு. இன்னொரு ஷூ வைக்கப் பெட்டியில் இடமில்லை. அந்த இடத்தில் இட்லிப்பொடி ஏறி விமானத்தில் வந்திருந்தது.

சாக்ஸ் மேல் சாக்ஸ் போட்டு, கட்டைவிரலுக்குப் பக்கத்தில் வாரைத் திணித்துக்கொண்டு இறங்கினாள்.

தெருவெல்லாம் பனி.

பத்தடியில் நனைந்தது. நூறடியில் விரல்கள் இருக்கிற இடம் தெரியவில்லை.

டிராமில் எல்லோரும் அவள் காலை ஒருமுறை பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஊர் பஸ்ஸாக இருந்தால் இந்நேரம் நாலு பேராவது விசாரித்திருப்பார்கள். யாராவது ஒருவர் கேட்டால் போதும், அழுதுவிடலாம் என்றிருந்தது.

யாரும் கேட்கவில்லை.

எட்டு நாற்பத்தொன்றுக்கு வந்து சேர்ந்தாள். சீட்டு எடுத்தாள். எண் நாற்பத்தேழு. எண் வந்ததும் போகாவிட்டால் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள் என்று சீட்டிலேயே போட்டிருந்தது.

காத்திருக்கும் கூடத்தின் தரை முகம் பார்க்கிற மாதிரி பளபளத்தது. நடுவயது அம்மாள் ஒருவர் அப்போதுதான் அதைத் துடைத்து முடித்து, வாளியைத் தள்ளிக்கொண்டு போனார்.

அவள் போய் கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கூடம் கதகதப்பாக இருந்தது. கால் விரல்களுக்கு மெல்ல உயிர் வந்தது. உயிர் வந்ததும் வலித்தது. வலிக்கிறதே என்று குனிந்து பார்த்தாள்.

வெறும் சாக்ஸ்.

கூடத்தின் வாசலில், கண்ணாடிக் கதவுக்கு வலப்பக்கம், சுவரை ஒட்டி, ஜோடியாக நீலச் செருப்பு இருந்தது. எப்போது கழற்றினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. இத்தனை பட்டும் இந்தக் கால் திருந்தவில்லையே என்று தன் மீதே ஆத்திரம் வந்தது.

எழப் போனாள். அதற்குள் அந்த அம்மாள் திரும்பி வந்து செருப்புக்கு முன்னால் நின்றார். கையுறை போட்ட இரண்டு விரலால் வாரைப் பிடித்துத் தூக்கினார். தண்ணீர் சொட்டியது. கூடத்தைப் பார்த்து ஜெர்மனில் ஏதோ கேட்டார்.

என்ன கேட்டார் என்பது எந்த மொழியிலும் புரியும்.

முதல் வரிசையில் எல்லோரும் இல்லை என்று தலையாட்டினார்கள். இரண்டாம் வரிசையில் ஒருவர் சிரித்தார். அம்மாளின் பார்வை ஒவ்வொரு முகமாகக் கடந்து கடைசி வரிசைக்கு வந்தது.

அவள் பாதங்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

என்னுடையது என்று சொல்ல வேண்டும். சொன்னால் ஏன் கழற்றினாய் என்பார்கள். பனியில் இதைப் போட்டுக்கொண்டா வந்தாய் என்பார்கள். இத்தனை பேர் நடுவில், தெரியாத மொழியில், எங்கிருந்து ஆரம்பிப்பது?

அவளும் இல்லை என்று தலையாட்டினாள்.

மணி ஒலித்தது. பலகையில் நாற்பத்தேழு. அறை பதினான்கு.

விசாக் காகிதங்கள் இருந்த ஃபைலை மார்போடு இறுக்கிக்கொண்டு எழுந்தாள். வேகமாக நடந்தாள். பதினான்காம் அறையின் கைப்பிடியைத் தொட்ட பிறகு, மனசு கேட்காமல் திரும்பிப் பார்த்தாள்.

பளபளத்த தரையில் ஈரத் தடம் வாசலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து அவள் நின்ற இடத்துக்கும் வரிசையாக வந்திருந்தது.

செருப்பைக் கையில் பிடித்தபடி அந்த அம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.