ஸ்பேருக்கு ஒரு ஸ்பேர்

கேமரா கடையில் வங்கிக் காசாளருக்கு இருப்புக்கொள்ளவில்லை. விடிந்தால் ஏரிக்குப் போய்ப் பறவைகளைப் படம் பிடிக்க வேண்டும்.

"வீட்ல எத்தனை கேமரா சார் இருக்கு?" என்றார் கடைக்காரர்.

"ரெண்டு. ஒண்ணு கைக்கு, ஒண்ணு ஸ்பேருக்கு. அந்த ஸ்பேரும் காலை வாரிட்டா? எனக்காகப் பறவை காத்துக்கிட்டா இருக்கும்?"

போன் அடித்தது. மனைவி. சட்டென்று கட் செய்தார்.

கடைக்காரர் ஒரு கேமராவை நீட்டினார். "செகண்ட் ஹேண்ட்தான். ஆனா பெட்டியை விட்டு வெளியவே வராதது."

காசாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதைக் கண்ணில் வைத்தார். எதிர்க்கடைப் பலகை பளிச்சென்று தெரிந்தது. பார்வைக்குத் தகுந்தபடி திருப்பும் குட்டிச் சக்கரத்தைத் தொடக்கூடத் தேவைப்படவில்லை.

"சும்மா சொல்லக்கூடாது, எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு!"

பேரம்கூடப் பேசாமல் வாங்கிக்கொண்டு ஓடினார். மனைவி கண்ணில் படுவதற்குள் ஒளித்தாக வேண்டுமே! செருப்போடு உள்ளே பாய்ந்து அலமாரியைத் திறந்தார்.

ஸ்பேர் கேமரா இருந்த இடம் காலி. மேல்தட்டு, கீழ்த்தட்டு எல்லாம் துழாவினார்.

"எதைத் தேடுறீங்க?" பின்னால் மனைவி நின்றிருந்தாள். "ரெண்டு வருஷமா தொடாம கிடக்குதேன்னு அதை நேத்து கடையில போட்டுட்டேன். அதைச் சொல்லத்தான் போன் பண்ணேன்."

அவர் மறைத்த பையைப் பிடுங்கி, கேமராவை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் மகள் எப்போதோ ஒட்டிய பூனை ஸ்டிக்கர்.

"அட மனுஷா! நேத்து நான் வித்ததையேவா இன்னைக்கு வாங்கிட்டு வந்தீங்க?"