வந்த வழி

“வெறும் ஹார்மோன் கோளாறுன்னா டாக்டர் ரூமுக்குள்ள அவ மட்டும் எதுக்குடா போறா? கட்டின புருஷன் நீ வெளியில பெஞ்சைத் தேய்ச்சுக்கிட்டு உக்காந்திருக்கே!”

மிக்ஸியை நிறுத்திவிட்டு அக்கா கேட்டாள். தம்பிக்குச் சுருக்கென்றது.

அவன் ஏ.சி. மெக்கானிக். அப்பா அம்மா போன பிறகு அவனை ஆளாக்கி, கல்யாணமும் செய்து வைத்தவள் இந்த அக்காதான். இன்றைக்கும் அவர்களோடுதான் இருக்கிறாள்.

மனைவிக்குக் கர்ப்பப்பை வாயில் சின்னக் கட்டி. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அடுத்த வாரம் ஆபரேஷன். எதனால் வந்தது என்று கேட்டதற்கு, “ஹார்மோன் கோளாறாம்” என்றாள். முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

அதுதான் அவனை உறுத்திக்கொண்டே இருந்தது.

மதியம் ஒரு ஆபீஸில் ஏணி மேல் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து போன்.

“உங்க மிஸஸ் போன் ஸ்விட்ச் ஆஃப்ல இருக்கு சார். அடுத்த தடவை வரும்போது உங்க பொண்ணையும் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. அந்த வைரஸுக்குத் தடுப்பூசி போடணும்னு கேட்டிருந்தாங்க.”

“என்ன வைரஸ்?”

நர்ஸ் தடுமாறினாள். “அவங்ககிட்டயே கேட்டுக்குங்க சார்.”

ஏ.சி.யைப் பாதியில் விட்டுவிட்டு நேராக டாக்டரிடம் போய் நின்றான்.

“உங்க மனைவி விஷயத்தை அவங்க சம்மதம் இல்லாம நான் பேசக்கூடாது,” என்றார் டாக்டரம்மா.

“பொதுவாச் சொல்லுங்க டாக்டர். கட்டி ஹார்மோனால வருமா, வைரஸாலயா?”

“கட்டியைப் பொறுத்தது. கர்ப்பப்பைக்குள்ள வர்ற சில கட்டிகளுக்கு ஹார்மோன் காரணமா இருக்கலாம். வாய்ப்பகுதியில வர்றதுக்குப் பெரும்பாலும் ஒரு வைரஸ்.”

“அது எப்படிப் பரவும்? தண்ணியிலயா, காத்துலயா?”

“இல்ல. பெரும்பாலும் உடலுறவு மூலமா. ஆனா ஒண்ணு நீங்க புரிஞ்சுக்கணும்...”

அந்த ‘ஆனா’வுக்கு அவன் காத்திருக்கவில்லை. பைக்கை உதைத்துக் கிளப்பினான்.

வழியில் ஒவ்வொரு சிக்னலிலும் ஒரு முகம் வந்து நின்றது. மழை நாளில் அவளைக் காரில் கொண்டுவந்து விட்ட, அவள் வேலை பார்க்கும் துணிக்கடையின் மேனேஜர். போனில் அடிக்கடி பேசும், கூடப் படித்தவன். மாடி போர்ஷன் வாத்தியார்கூட மிச்சமில்லை.

“யாருடி அவன்?”

கூடத்தில் மகளின் யூனிஃபார்மை மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்துவிட்டாள்.

“வைரஸ்னு தெரிஞ்சுக்கிட்டே ஹார்மோன்னு புளுகினியா, இல்லையா?”

“ஆமா.”

“எதுக்கு?”

அவள் அக்காவைப் பார்த்தாள். “அண்ணி, நீங்க கொஞ்சம் உள்ள இருங்களேன்.”

“நான் எதுக்குப் போகணும்? இங்க என் தம்பி மானம் போகுது!”

“அக்கா முன்னாடியே சொல்லு!” என்று அவனும் கத்தினான்.

“வேண்டாங்க. உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன்.”

“பாத்தியாடா? நான் அப்பவே சொன்னேன்!” என்றாள் அக்கா.

அவன் மனைவியின் கையைப் பிடித்து அறைக்குள் இழுத்துப்போய், கதவைத் தாழிட்டான்.

அவள் குரலைத் தணித்துக்கொண்டாள். “அந்தக் கிருமி உடம்புல சத்தமில்லாம வருஷக்கணக்கா கிடக்குமாம். ஆம்பளைங்களுக்குப் பெரும்பாலும் ஒண்ணுமே தெரியாதாம்.”

“கதை விடாதே. ஆளைச் சொல்லு.”

“எனக்குன்னு இருந்தது ஒரே ஆளுதாங்க.” அவனையே பார்த்தாள். “கல்யாணத்துக்கு முன்னாடி, வெளியூர்ல வேலை பாத்தப்போ, ஒருத்தி வீட்டுக்குப் போய் வந்துட்டிருந்தேன்னு நீங்கதானே சொன்னீங்க? நம்ம பொண்ணு வயித்துல இருந்தப்போ, என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதீங்க. நான் அன்னைக்கே அதை விட்டுட்டேன்.”

அவன் பிடி தானாகத் தளர்ந்தது. கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

“இதை என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே...” என்றான்.

“சொன்னா நீங்க உடைஞ்சு போயிடுவீங்க. அண்ணி கண்டுபிடிச்சுடுவாங்க. அவங்க என்னைச் சந்தேகப்பட்டா நான் தாங்கிக்குவேன். உங்களை அந்தக் கண்ணால பாத்தா உங்களால தாங்க முடியாதுங்க.”

கதவு தட்டப்பட்டது.

“என்னடா சத்தத்தையே காணோம்? வாயைத் திறந்தாளா, இல்லையா?”

அவன் எழுந்தான். எதையாவது சொல்லிச் சமாளித்துவிடலாம். அவள்கூட, உண்மையைச் சொல்ல வேண்டாம் என்று தலையசைத்தாள்.

தாழ்ப்பாளை விலக்கினான். அக்கா வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

“எவன் பேரைடா சொன்னா?”

“என் பேரைத்தான்க்கா.”